கடல் தாண்டிப் போன கண்மலர்

என் மகளுக்குக் கல்யாணம் முடிந்து அவள் அரியலூருக்குப் போன பிறகும், அவள் பெயருக்கு வெளிநாட்டுத் தபால் அட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. நாங்கள் இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம். வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, கிணறு கைகொடுக்கிற வருஷத்தில் சின்ன வெங்காயம். இந்த ஊருக்கு ஜப்பானிலிருந்து பூனைப் படம் போட்ட அட்டை வந்தால் தபாலாபீஸ் தங்கச்சி அதை நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பாள்.

"பொண்ணு புருசன் வூட்டுக்குப் போயாச்சு. இதுங்க மட்டும் இன்னும் பொறந்த வூட்டுக்கே வருது பாருங்க," என்பாள் என் மனைவி.

மகள் காலேஜில் படிக்கும்போது ஒரு வெப்சைட்டில் பெயர் கொடுத்து வைத்திருந்தாள். யாருக்கு அட்டை எழுத வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல அதுவே உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பெயரையும் விலாசத்தையும் எடுத்துத் தரும். அவருக்கு நாம் அனுப்புவோம். நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்ததும், நமக்கு வேறு யாரோ, வேறு எங்கிருந்தோ ஒன்று அனுப்புவார். கொடுத்தவருக்கே திரும்பக் கொடுப்பது என்பது அதில் இல்லை. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. அன்னதானத்தில் சாப்பிட்டவன் போட்டவருக்கா திருப்பிப் போடுகிறான்? வேறு எங்காவது, வேறு யாருக்காவது போடுவான்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவேன். மகள் என் பெயரிலேயே ஒன்று பதிந்து, அதைத் தன் போனில் பார்த்துக்கொண்டாள். படம் போட்ட அட்டை பெரம்பலூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அச்சாபீஸில் மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வாங்கி, ஸ்டூடியோவில் போட்டோ பிரிண்ட் போட்டு ஒட்டினேன். வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற பட்டறை, பருத்தி வெடித்த காடு, எங்கள் ஓடையில் கிடைக்கிற கல்லாகிப்போன சிப்பி. "எங்க ஊர் ஒரு காலத்தில் கடல்" என்று அந்தச் சிப்பி அட்டையின் பின்னால் எழுதுவேன்.

எழுதியதும் உடனே பெட்டியில் போடுவதில்லை. விளக்கேற்றும்போது அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, இது போய்ச் சேர்கிற வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் போடுவேன். அந்த வீட்டுக்காரர் யார், என்ன சாமி கும்பிடுகிறார், கும்பிடுகிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. தெரியாதவருக்காக நல்லது நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அவரிடம் நமக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை பாருங்கள்.

பின்லாந்திலிருந்த அந்த அம்மாவின் விலாசம் அப்படி வந்ததுதான். சிப்பி அட்டையை அனுப்பினேன், எங்கள் சின்ன வெங்காயத்தின் அளவைப் பற்றியும் இரண்டு வரி எழுதினேன். முறைப்படி அவர் எனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதினார். பனி மூடிய ஏரிப் படம் போட்ட அட்டை. தான் ஒரு பஸ் டிரைவர், இப்போது வேலையிலிருந்து ஓய்வு, தனியாக இருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தார். கீழே, "உங்கள் வெங்காயம் எங்கள் ஊர் வெங்காயத்தில் கால்வாசிதான் இருக்கிறது, ஏன்?" என்று ஒரு கேள்வி.

"பொம்பள பஸ் ஓட்டுனாங்களா? பனியிலயா?" என்று என் மனைவி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்க நம்ம ஊரு டவுன் பஸ்காரன் நாலு தூத்தல் விழுந்தா குன்னத்தோட திருப்பிக்கிட்டுப் போயிடறான்."

அப்புறம் நான் எழுத, அவர் எழுத, அது வெப்சைட்டைத் தாண்டிய பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த கேலி கொஞ்சமில்லை.

"ஏங்க, ஒங்க பனிக்காரம்மா இந்த மாசம் என்னா எழுதிருக்கு? கறி கொழம்பா, கருவாடா?"

"மீனாம்."

"பரவால்ல, நம்ம ஆளுதான்."

ஒரு மாசம் வந்த அட்டையில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அடுத்ததில் இன்னும் பெரிது, வரிக்கு மூன்று நான்கு வார்த்தைதான். விஷயத்தையும் அவரே சொல்லியிருந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். சரியாக வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. இனி எழுத முடியாமலும் போகலாம்.

மாட்டுக் கொட்டகையில் இருந்த மனைவியிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவள் கையைக்கூடக் கழுவவில்லை.

"கண்மலர் சாத்தறேன்னு வேண்டிக்கங்க."

"அந்தம்மா சாமியெல்லாம் கும்பிடாதுன்னு எழுதிச்சே."

"அது கும்பிடலன்னா என்னா? கண்ணு வலிக்கறது நெசந்தானே?"

கண்மலர் என்பது வெள்ளித் தகட்டில் அடித்த கண். ஜோடியாக விற்பார்கள். கண்ணில் நோவு வந்தால், டாக்டரிடமும் போவோம், அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாகவும் வேண்டிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் ஒரு காளியம்மன் இருக்கிறாள். திங்களும் வெள்ளியும் மட்டும்தான் அவளுக்கு நடை திறக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் பெரம்பலூர் போய், பஸ் மாறிக் கோயிலில் இறங்கினோம். கோயில் வாசல் கடையில் ஒரு ஜோடிக் கண் வாங்கினேன்.

கடைக்கார அம்மா கேட்டார்: "யாருக்குங்க கண்ணு?"

"தூரத்துல ஒருத்தவங்களுக்கு. வர முடியாது."

"வர முடியலன்னா பாதகமில்ல. ஆனா நோவுக்காரங்க கண்ணுல ஒத்திக் குடுத்தாத்தான் வேண்டுதல் சேரும். அனுப்பி வச்சு வாங்கிட்டு வந்து சாத்துங்க."

இது எங்களுக்கும் தெரிந்ததுதான். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய் ஒத்தி எடுத்து வருவார்கள். அரியலூரில் இருக்கிறவருக்கானால் அரியலூருக்கு எடுத்துப் போவோம். பின்லாந்தில் இருக்கிறவருக்கானால்? மனைவிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

"தபால்ல போடுங்க. அட்டை போவுதுல்ல, கண்ணு போவாதா?"

கண்களை அம்மன் காலடியில் வைத்து வாங்கினோம். பூசாரி குங்குமத்தோடு கொடுத்தார். அந்தக் குங்குமத்தையும் சேர்த்தே ஒரு காகிதத்தில் மடித்துக் கவரில் வைத்தேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "இதை உங்கள் கண்களில் ஒற்றி எனக்குத் திருப்பி அனுப்புங்கள்." அவ்வளவுதான் எழுதினேன். இதற்குமேல் என்ன எழுதுவது? கண்மலர் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் என்றால் என்னவென்று யாராவது சொல்கிறார்களா?

பெரம்பலூர் பெரிய தபாலாபீஸில் கவுண்டரில் இருந்தவர் கவரைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள என்னாங்க?"

"கண்ணுங்க, சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்மலர்," என்றேன். கவரைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முத்திரை குத்தினார். பார்த்தீர்களா, இவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில வாரம் கழித்து மகளிடமிருந்து போன். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"அப்பா, அந்தம்மாவுக்கு என்னப்பா அனுப்புனீங்க?"

"கண்மலர்தான். ஏன், போய்ச் சேந்துடுச்சா?"

"வெப்சைட்டுல மெசேஜ் போட்டுருக்காங்கப்பா. அவங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு கவரைப் பிரிச்சுதாம். மேசை பூரா செவப்புத் தூளு கொட்டிச்சாம். உள்ள ரெண்டு கண்ணு மொறைச்சிக்கிட்டு இருந்துச்சாம். எடுத்துக் குப்பையில போடுன்னு அந்தப் பொண்ணு கத்துதாம். 'எனக்கு ஆபரேஷன் ஆகப்போற நேரத்துல எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்'னு கேட்டுருக்காங்க."

 மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு போனைப் பிடுங்கி விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடக் கடவுளே. செய்வினைன்னு நெனைச்சிட்டாங்களா?"

நாங்கள் அப்படித்தான் நினைத்திருப்போம். எங்கள் வீட்டு வாசலில் ஊர் பேர் தெரியாத ஒரு பொருள், குங்குமத்தோடு, கண்ணோடு கிடந்தால், நாங்களே அதைத் தொட்டிருக்க மாட்டோம். கோயில் சூலத்துக்கடியில் கொண்டுபோய்ப் போட்டிருப்போம். கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுஷிக்கு, அடுத்த வாரம் கத்தி வைக்கப் போகிற நேரத்தில், நாங்கள் போய் முறைக்கிற கண்ணை அனுப்பியிருக்கிறோம். பயப்படாமல் இருக்கட்டும் என்று செய்த காரியம், இருந்த தைரியத்தையும் பறித்துவிட்டது.

அன்றைக்கே அரியலூருக்குப் பஸ் ஏறினேன். முன்னாலும் பின்னாலும் சிமெண்டு லாரிகள். வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்தேன். மகள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளுடைய போனுக்கு எதிரே உட்கார்ந்தேன். நான் தமிழில் சொல்வது, அவள் ஆங்கிலத்தில் அடிப்பது என்று ஏற்பாடு.

"மன்னிச்சுக்குங்கன்னு போடு."

"போட்டுட்டேன். அப்புறம்?"

 அம்மனைப் பற்றி எப்படிச் சொல்வது? அவளுக்கு நாக்கு வெளியே இருக்கும், கையில் கபாலம் இருக்கும், ஆனால் அவள் எங்களுக்கு அம்மா என்றா?  மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, சாமியப் பத்திச் சொல்லாதீங்க. நீங்க என்ன நெனைச்சு அனுப்புனீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் ஊரில் கண் வலித்தால் டாக்டரிடம் போவோம். வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க முடியாது, அவர்களும் ஏதாவது செய்ய வேண்டும். அதனால் ஒரு ஜோடி வெள்ளிக் கண்ணை வாங்கிக் கோயிலில் கொடுத்து, 'இதை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணை விட்டுவிடு' என்று கேட்போம். அந்தத் தகடு உங்களை முறைக்கவில்லை. உங்களுக்குப் பதிலாக நிற்கிறது. சிவப்புத் தூள் நாங்கள் தினமும் நெற்றியில் வைத்துக்கொள்வது. உங்களைக் கேட்காமல் அனுப்பியது தப்பு. குப்பையில் போட்டாலும் எங்களுக்கு வருத்தமில்லை. நீங்கள் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

மகள் அடித்து முடித்ததும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனுப்பினோம்.

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஆபரேஷன் என்று சொன்ன நாள் வந்தது, போனது.

நான் அந்த நாட்களில் வேறு யாருக்கும் அட்டை எழுதவில்லை. வெங்காயம் நடவு ஓடிக்கொண்டிருந்தது, வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தம்மாவின் மேசையும் அதில் கொட்டிய குங்குமமும் கண்ணுக்குள் வரும். அதைவிட வேறு ஒன்று என்னை உறுத்தியது. ஒருவரைக் கேட்காமல் அவருக்காக வேண்டிக்கொள்ளலாமா? இத்தனை நாள் ஒவ்வொரு அட்டையையும் அம்மன் முன்னால் வைத்து எடுத்தேனே, அதில் ஒருவரையும் கேட்டதில்லை. மனசுக்குள் நினைப்பது என்னோடு போகிறது. ஆனால் ஒரு பொருளைக் கொடுத்து, இப்படிச் செய், திருப்பி அனுப்பு என்று சொன்னது, என் பக்தியைத் தூக்கி இன்னொருவர் மேசையில் கொட்டியதுதானே? அம்மனுக்கு நான் செய்தது தப்பாகத் தெரிந்திருக்காது. அம்மனுக்கு என்னைத் தெரியும். அந்தம்மாவுக்கு என்னைத் தெரியாதே. வெங்காயம் போடுகிற ஆள் என்பதற்குமேல் என்ன தெரியும்?

மனைவி வேறு மாதிரி. அவள் துக்கத்தை உலக்கையில் காட்டுகிறவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அங்கேயே உரலில் பச்சரிசியை இடித்து, வெல்லம் கலந்து மாவிளக்குப் போட்டாள். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கண்ணு திரும்பி வரலைங்க. வேற ஒரு ஜோடி வாங்கிச் சாத்திடலாமா?"

பூசாரி திரியைத் தூண்டிவிட்டபடி சொன்னார்: "போனது வரட்டும்மா."

"வரலன்னா?"

"வரலன்னா அது அங்கயே இருக்கட்டும். ஆத்தாவுக்கு அங்க கண்ணு இருக்கக்கூடாதா?"

வெங்காயத்துக்கு முதல் களை எடுத்து முடித்த சமயம், தபாலாபீஸ் தங்கச்சி காட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கவர்.

"அண்ணே, வெளிநாடு. உள்ள ஏதோ தகடு மாதிரி இருக்கு. பிரிங்க, நானும் பாக்கறேன்."

என் கையெல்லாம் மண். மனைவி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தாள். உள்ளே ஒரு ஏரி அட்டை, பஞ்சில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலத்தில் ஒரு கண் இருந்தது. ஒன்றுதான். மனைவி கவரைக் கவிழ்த்து உதறினாள், தரையில் தேடினாள். இன்னொன்று இல்லை.

அட்டையில் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள். அந்தம்மா சொல்லச் சொல்ல எழுதியதாம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரியாததை மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அவள் போனில் சொன்னாள்.

"உங்கள் செய்தியைப் படித்தபோது பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கண்களைக் குப்பைப் பையில் கட்டி வைத்திருந்தாள். நான் எடுக்கச் சொன்னேன். எனக்கு நம்பிக்கை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோட்டுப் பையில் வைத்திருந்தேன். இது என்ன என்று நர்ஸ் கேட்டாள். இந்தியாவில் ஒரு வெங்காயக்காரர் அனுப்பிய கண் என்றேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள், நானும் சிரித்தேன். வலது கண்ணில் இப்போது ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே மரமும் தெரிகின்றன. இலைகள் இன்னும் தெரியவில்லை. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். நீங்கள் கேட்டபடி கண்ணில் ஒற்றி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். இடது கண்ணுக்கு ஆபரேஷன் இனிமேல்தான். அதற்குரியதை அதுவரை நான் வைத்துக்கொள்ளலாமா?"

தபாலாபீஸ் தங்கச்சி பெருமூச்சு விட்டாள். "வச்சிக்கச் சொல்லுங்கண்ணே. நல்லா வச்சிக்கட்டும்."

மனைவி அந்த ஒற்றைக் கண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பேச்சு மட்டும் வேறாக வந்தது.

"ஒத்தக் கண்ண எப்புடிங்க சாத்தறது? யாரும் ஒத்தையாச் சாத்தி நான் பாத்ததில்ல."

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசாரி தட்டை நீட்டினார், அதில் வைத்தேன். அவரும் ஒரு நொடி தேடினார்.

"இன்னொண்ணு?"

"அங்க இருக்குங்க. இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."

அவர் உள்ளே போய் அம்மன் காலடியில் அந்த ஒரு கண்ணை வைத்தார். சூடம் காட்டும்போது அது மின்னியதை நானும் பார்த்தேன், மனைவியும் பார்த்தாள். வேண்டுதல் பாதி நிறைவேறிய நிலையில் ஒருவர் சாமி முன்னால் நிற்பது முறையா, தெரியவில்லை. எனக்கு மனசு நிறைந்திருந்தது. அந்தம்மாவின் ஜன்னல் மரத்தில் இலை தெரியட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டை எடுத்தேன். வெங்காய வயல் படம். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் வரி எழுதினேன். அடுத்த வரி எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. "உங்கள் இடது கண்ணுக்காகவும் நாங்கள் வேண்டிக்கொள்ளலாமா? வேண்டாம் என்றாலும் தவறாக நினைக்க மாட்டோம்." எழுத்து பெரிதாக, இடைவெளி விட்டு எழுதினேன். மனைவி அருகில் உட்கார்ந்து பருத்தி விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா எழுதிருக்கீங்க?"

படித்துக் காட்டினேன். இனிமேல் கேட்டுக்கொண்டுதான் எதுவும் செய்ய வேண்டும், பதில் வரும் வரை நாம் பொறுத்திருப்போம் என்றேன்.

"நீங்க கேளுங்க, கேக்க வேண்டியதுதான்," என்றாள் அவள், விதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அங்கயே வேண்டிட்டு வந்துட்டேன்."